கிளி எடுத்த சீட்டு

பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரில் உள்ள மார்க்கெட் தெருவைத் தமிழர் கடைத்தெரு என்றே வழங்கி வந்தனர். அதனை அடுத்த குயின் தெருவில், 1833-ஆம் ஆண்டில் கோயிலாக எழுந்த மகா மாரியம்மன் திருக்கோயில் நிற்கிறது. இத்தெருக்களின் கடைவீடுகளுக்கு முன்னே, வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடக்கட்டும் என்று விடப்பட்ட ஐந்தடி நடைபாதை, நடப்பதற்கு மட்டும் பயன்பட்டதன்று. பூக்கட்டுவோர், வெற்றிலை விற்போர், காசு மாற்றுவோர், எழுதப் படிக்க அறியாதார்க்குக் கடிதம் எழுதித் தருவோர் எனக் கடை வைக்க முதலற்ற பலர்க்கும் அதுவே கடையாயிற்று. அவ்வரிசையில், பழைய பாய் ஒன்றை விரித்து, முன்னே ஒரு சிறு மரக்கூண்டும் ஓர் அடுக்குச் சீட்டும் வைத்து அமர்ந்தவர் கிளி சோதிடர்.

அவர் தொழிலுக்கு வேண்டிய கருவி அவ்வளவே. அடுக்கில் உள்ளவை இருபத்தேழு சீட்டுகள். நாள்மீன்கள் இருபத்தேழு என்னும் கணக்கை ஒட்டி அமைந்த தொகை அது. ஒவ்வொரு சீட்டின் மடிப்புக்குள்ளும் ஒரு வண்ணப்படம் இருக்கும். பிள்ளையார், முருகன், மீனாட்சி, மாரியம்மன், முடிசூடிய இராமன் ஆகியோரோடு புத்தரும் கன்னி மரியாளும் இடம்பெறுவர். தருகாவின் படத்தையும் சில அடுக்குகளில் காணலாம். சனீசுவரனும் நாகமும் சுடலை காத்த அரிச்சந்திரனும் வருகிற சீட்டுகள் கேட்பவர் நெஞ்சைச் சிறிது நடுங்கவைக்கும். வந்தவர் தம் பெயரைச் சொல்வார். சோதிடர் அப்பெயரைக் கிளிக்குச் சொல்லிக் கூண்டின் கதவைத் தூக்குவார். கிளி நடந்து வந்து, சீட்டுகளை அலகால் ஒவ்வொன்றாக இழுத்து எறிந்து, ஏதோ ஒன்றில் நிற்கும். அதனைச் சோதிடர் கையில் கொடுத்துவிட்டு, கூலியாக ஒரு நெல்மணியைப் பெற்றுக்கொண்டு தானே கூண்டுக்குள் புகும். அவர் படத்தை வெளியே எடுத்துக் காட்டி, அதற்குரிய பாட்டைச் சிறு புத்தகத்திலிருந்தோ மனத்திலிருந்தோ இசைத்து, பின்னர்ப் பொருள் சொல்லத் தொடங்குவார்.

கிளியின் திறத்தை வியந்தோ நகைத்தோ எழுதியவர் பலர். நெல்மணியைக் காட்டும் கையசைவுக்கும், விரலின் சிறு குறிப்புக்கும் பழக்கப்பட்ட பறவை அது என்பதை அறியாதார் இன்று இலர். எனவே கிளி சோதிடத்தின் வரலாற்றை எழுதப் புகுவார் கிளியோடு நின்றுவிடின், அதன் பாதியைக் கூடத் தொட்டவர் ஆகார். சீட்டு கைக்கு வந்தபின் நிகழ்வதே அதன் பெரும்பகுதி. சீட்டுகள் எல்லார்க்கும் பொதுவானவை. பாட்டும் அச்சில் உள்ளது. ஆயின் எத்தனை சீட்டு எடுக்கச் சொல்வது, எந்தச் சீட்டை எதற்கு உரியதாகக் கொள்வது, பாட்டின் எந்த அடியை அழுத்திச் சொல்வது என்பவற்றை எந்தப் புத்தகமும் முற்றாக வரையறுத்ததில்லை. அங்கே ஒவ்வொரு சோதிடரும் தமக்கென ஒரு முறையை வகுத்துக்கொண்டார். நன்மை விளைந்ததும் அவ்விடத்தே. தீமை விளைந்ததும் அவ்விடத்தே.

பரப்பி வைத்து எண்ணிப் பொருள் சொல்லும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. தலைவியின் நோய்க்குக் காரணம் அறிய விரும்பிய தாயர் கட்டினாலும் கழங்கினாலும் குறிபார்த்ததைத் தொல்காப்பியக் களவியல் குறிக்கிறது. கட்டு என்பது முறத்தில் நெல்லைப் பரப்பி நோக்குவது. நெல்லை நான்கு நான்காக எண்ணி, எஞ்சியது ஒன்றோ இரண்டோ மூன்றோ ஆயின் முருகன் அணங்கியது என்றும், நான்காயின் பிற நோய் என்றும் கொண்டனர் என்பது உரைவழி அறியப்படுவது. இக்கணக்கை மாணவர் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. நான்கு விடைகளில் மூன்று முருகனையே சுட்டுகின்றன! அத்தாயரிடம் உண்மையை மறைத்த தோழியின் இடர்ப்பாட்டைப் பாடிய புலவர்கள், குறி தவறியதையே அகப்பாட்டின் சுவையாக்கினர். தலைவியின் நோய்க்குக் காரணம் காதல் என்பதைப் படிப்பவர் அறிவர், வேலன் அறியான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்ப்புலவன் குறிகாரனைப் பார்த்துப் புன்னகை செய்திருக்கிறான் என்பதனை நம் இலக்கிய ஆசிரியர்கள் இன்னும் சற்று உரக்கச் சொல்லலாம்.

விரிச்சி இவற்றினும் மென்மையானது. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் மலரும் தூவி வழிபட்டு, ஊர்ப்புறத்தே நின்று, யாரேனும் தற்செயலாகச் சொல்லும் சொல்லுக்குக் காத்திருக்கின்றனர். கன்றின் துயர் கண்ட ஆயமகள் ஒருத்தி, தாய்ப்பசு இப்போதே வந்துவிடும் என்று அதனைத் தேற்றுகிறாள். அச்சொல்லைத் தலைவன் வரவுக்கு நன்னிமித்தமாகப் பெண்டிர் கொள்கின்றனர். ஆயமகள் குறி சொல்லவில்லை; அவள் கன்றோடு பேசினாள். பொருளை ஏற்றியவர் கேட்டவரே. கிளி சோதிடத்தில் நிகழ்வதும் பெரும்பாலும் இதுவே ஆகும்.

பிற்காலத்தில் திருமங்கையாழ்வாரின் சிறிய திருமடலில் கட்டுவிச்சி சுளகும் நெல்லுமாகத் தோன்றுகிறாள். திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியிலோ, குறி சொல்ல வந்த சிங்கி முதலில் தரையை மெழுகச் சொல்கிறாள்; கோலமிடச் சொல்கிறாள்; பிள்ளையாரை வைக்கச் சொல்கிறாள். இன்ன இன்ன பொருள்களைக் கொண்டுவந்து வை என்று அடுக்குகிறாள். கைரேகையை நோக்குவதற்கு முன்னரே ஒரு களத்தை அமைத்துவிடுகிறாள். அவள் அமைத்த களத்தில் வசந்தவல்லி அமர்ந்தபின், அவள் சொல்வதையெல்லாம் கேட்கும் மனநிலையும் அமைந்துவிடுகிறது. கேரளத்தில் சோழிப் பிரசனம் பார்ப்போர் நூற்றெட்டுச் சோழிகளைக் கையால் பகுத்து, எட்டெட்டாகக் கழித்து, எஞ்சியதை நோக்குவர். எண்ணிக்கை அங்கே மிகக் கடுமையானது. அதற்குப் பின் வரும் பேச்சு கடுமையானதன்று.

மேலைநாட்டார் இத்துறையில் கையாளும் டாரட் சீட்டுகளின் கதை இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. எழுபத்தெட்டுச் சீட்டுகள் கொண்ட அவ்வடுக்கு, பதினைந்தாம் நூற்றாண்டில் வட இத்தாலியின் அரண்மனைகளில் விளையாட்டுக்காகத் தோன்றியது. அதில் குறி பார்க்கும் வழக்கம் பரவியது மூன்று நூற்றாண்டுகள் கழித்து, பிரான்சு நாட்டில்தான். கூர் தெ செபலின் என்னும் அறிஞர் 1781-இல், இச்சீட்டுகள் பண்டை எகிப்தியரின் மறைஞான ஏடுகள் என்று எழுதினார். எகிப்திய எழுத்தைச் சாம்போலியோன் படித்துக் காட்டியது 1822-இல். ஆகவே ஒருவரும் படிக்க இயலாத எழுத்தை மேற்கோளாக்கி எழுந்த கொள்கை அது! பழமை கற்பித்தால் பெருமை வரும் என்னும் எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இஃதொரு சான்று. அவர் காலத்தவரான எத்தெய்யா என்பார், தம் இயற்பெயரான அல்லியெத் என்பதனைத் தலைகீழாக எழுதிப் புனைபெயராக்கிக்கொண்டவர். 1770-இலேயே சாதாரண விளையாட்டுச் சீட்டுகளைப் பரப்பிக் குறிபார்க்கும் முறையை நூலாக வெளியிட்டவர். தலைகீழாக விழுந்த சீட்டுக்கு வேறு பொருள் உண்டு என்ற வழக்கத்தைப் பரப்பியவரும் அவரே. பெயரைப் புரட்டியவர் சீட்டையும் புரட்டினார் போலும்.

இன்று உலகெங்கும் வழங்கும் அடுக்கு 1909-இல் இலண்டனில் வெளிவந்தது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் அதன் கருத்தை வகுத்தார். பமீலா கோல்மன் சுமித் என்னும் பெண்மணி படங்களை எழுதினார். வெயிட் அடுத்து எழுதிய விளக்க நூலில் பத்துச் சீட்டுகளைப் பரப்பும் முறை ஒன்று உள்ளது. செல்டிக் சிலுவை என்பது அதன் பெயர். முதற்சீட்டு கேட்பவரின் நிலை. அதன் குறுக்கே இடப்படுவது அவர்க்குத் தடை. மேலே, கீழே, பின்னே, முன்னே என நான்கு. பக்கத்தில் நிரையாக அவர் தம் உள்ளம், அவர் வீடு, அவர் ஆசையும் அச்சமும், இறுதியில் முடிவு என மற்றொரு நான்கு. இங்கே சீட்டுக்கு மட்டுமன்றி அது விழுந்த இடத்துக்கும் பொருள் உண்டு. எனினும் இவ்விரிப்பைக் கற்றவர் எல்லாரும் ஒரே வகையில் கையாள்வதில்லை. மூன்று சீட்டுகளை இட்டு, நேற்று, இன்று, நாளை என்று நிறுத்துவோர் உளர். இடங்களுக்குப் பெயரே இடாமல், படங்கள் ஒன்றையொன்று நோக்கும் திசையைக் கொண்டு சொல்வோரும் உளர். தலைகீழ்ச் சீட்டை நிமிர்த்திவிட்டே பார்ப்பவர் ஒருவர். அதிலேதான் உண்மை உள்ளது என்பவர் மற்றொருவர். எலும்புருவம் எழுதிய சாவுச் சீட்டு வந்தால், சாவு என்று சொல்லாமல் மாற்றம் என்று சொல்வது பலர்க்கும் வழக்கமாகிவிட்டது.

பறவையைக் கொண்டு சீட்டு எடுப்பதும் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பாரசீக நாட்டின் தெருக்களில் சிறு பறவைகள் கவிஞர் ஹாஃபிஸின் பாட்டு எழுதிய சீட்டுகளை அலகால் எடுத்துத் தருகின்றன. சப்பானியக் கோயில் வாயில்களில் யமகாரா என்னும் சிட்டினப் பறவை குறிச்சீட்டு எடுத்துத் தந்த வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் இருந்தது. தமிழர் இதற்குக் கிளியைத் தேர்ந்ததில் வியப்பில்லை. மீனாட்சியின் கையிலும் ஆண்டாளின் கையிலும் அமர்ந்தது அது. அழகர் கிள்ளைவிடு தூது போன்ற நூல்களில் தூதாகச் சென்றதும் அதுவே. சொன்னதைச் சொல்லும் பறவை, சொல்லாததையும் அறியும் என்று எளியோர் நம்பியது இயல்பே.

பினாங்கில் இத்தொழிலின் அண்டைவீடு ஒன்று உண்டு. பிட் தெரு என்று முன்னர் வழங்கி, இன்று மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை எனப் பெயர் பெற்ற வீதியில், 1801-இல் நிறுவப்பெற்ற தமிழ் முசுலிம்களின் பள்ளிவாசலுக்குச் சிறு தொலைவில், ஏறத்தாழ 1800-ஆம் ஆண்டில் சீனர் எழுப்பிய குவான் யின் அம்மன் கோயில் உள்ளது. மாரியம்மன் கோயிலிலிருந்து சில நிமிட நடைத் தொலைவே. அங்கே வழிபடுவோர், எண்ணிட்ட மூங்கிற் குச்சிகள் நிறைந்த குழலைக் குலுக்குவர். ஒரு குச்சி தனியே விழும்வரை குலுக்குதல் வேண்டும். விழுந்த குச்சி அம்மன் தந்ததுதானா என்று அறிய, பிறைவடிவான இரு மரத்துண்டுகளைத் தரையில் இடுவர். ஒன்று கவிழ்ந்தும் ஒன்று மலர்ந்தும் விழுந்தால் ஆம் என்று பொருள். இல்லையெனில் மீண்டும் குலுக்க வேண்டும். பிறகு அவ்வெண்ணுக்குரிய செய்யுட்சீட்டைப் பெற்று, பொருள் அறிந்தாரிடம் காட்டுவர். செய்யுள் நிலைத்தது, எண் நிலைத்தது. சீனமுறை சொல்பவனின் விருப்பத்துக்கு ஒரு வேலி கட்டியிருக்கிறது. கிளி சோதிடத்தில் அத்தகைய வேலி இல்லை. கிளி கொடுத்தபின் மீண்டும் கேட்டு உறுதி செய்யும் வழக்கம் அதில் அமையாததால், சோதிடரின் நாவே செய்யுளும் வேலியும் ஆயிற்று.

அந்நாவின் தொழிலை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். இராமனும் சீதையும் இலக்குவனும் மரவுரி தரித்துக் காடேகும் படம் வந்தது என்று கொள்வோம். கேட்டவர் புதிதாகச் சரக்கு எடுக்கக் கப்பலேற எண்ணும் கடைக்காரர். சோதிடர் சொல்வார்: “ஐயா, நாடு விட்டுப் போகும் காலம் இது அன்று. போனால் பொருள் போகும். உடன்பிறந்தாரை நம்பி ஒப்படைத்தது மட்டும் நிற்கும்.” அதே சீட்டு, ரப்பர்த் தோட்டத்திலிருந்து சம்பளத்தன்று பட்டணம் வந்த ஒரு தொழிலாளிக்கு வருகிறது. ஊரில் தாயும் மனைவியும் இருக்க, கடல் கடந்து ஆண்டு பல ஆனவன் அவன். அவனுக்கு அதே சோதிடர் சொல்வது வேறு: “தம்பி, இராமனே வனவாசம் போனான். நீ போனது பெரிதா? ஆனால் பதினான்கு ஆண்டு என்று கணக்கு உண்டு. கணக்கு முடிந்தால் முடி காத்திருக்கும். வீட்டுக்கு ஒரு கடிதம் போடு.” மாமியாரோடு மனம் கசந்து வந்த பெண்ணுக்குச் சீதையை மட்டும் சுட்டிக்காட்டிப் பேசுவார், கைகேயியின் பெயரை அவள் வாயாலேயே வரவழைப்பார். படம் ஒன்று, பாட்டு ஒன்று, சொல்லப்பட்ட கதை மூன்று.

இதனை ஏமாற்று என்று ஒரு சொல்லால் முடித்துவிடுதல் எளிது. ஆயின் அத்தொழிலாளி யாரிடம் பேசியிருக்க முடியும் என்றும் எண்ணுதல் வேண்டும். 1786-இல் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கைக்கொண்டது முதல் தமிழர் இங்கு வந்த வண்ணமே இருந்தனர். சோழமண்டலக் கரையின் வணிகர் முன்னர் வந்தனர், கைதிகள் கொண்டுவரப்பட்டனர், ஒப்பந்தக் கூலிகள் பின்னர் வந்தனர். ஒப்பந்தமுறை 1910-இல் முடிவுற்ற பின்னும் கங்காணிகள் வழியாக ஆள்சேர்ப்பு நடந்தது. 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு, இராசுலா என்னும் கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆள் ஏற்றிப் பினாங்கில் இறக்கியது. வந்தவருள் பெரும்பாலோர்க்குத் தோட்டத்தில் பேச வாய்த்தவர் கங்காணியே. அவரிடம் பேசக் கூடாதவையே மிகுதி. பட்டணத்து நடைபாதையில் சிறு காசு கொடுத்தால், தன் பெயரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, ‘மனக்கவலை ஒன்று இருக்கிறது’ என்று தொடங்குகிற ஒருவர் இருந்தார். கவலை இல்லாத கூலி யார்? அது குறியன்று என்பதைக் கேட்டவனும் ஓரளவு அறிந்தே இருந்திருப்பான்.

போர்க்காலம் இவ்வினாக்களைக் கடுமையாக்கிற்று. 1941 திசம்பரில் சப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன் மீது குண்டு பொழிந்தன. 1942-ஐ அடுத்துச் சயாம் பர்மா இரயில்பாதை வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதவர் தொகை பெரிது. யார் இறந்தார், எங்கே இறந்தார் என்று பெயர் பெயராக எழுதிவைத்த பதிவு எளிய குடும்பங்களின் கைக்கு எட்டவில்லை. தாலியைக் கழற்றுவதா, காத்திருப்பதா என்னும் வினாவோடு நின்ற பெண்டிர்க்கு ஒரு சீட்டை எடுத்து விடை சொல்வது எத்தகைய பொறுப்பு! ‘இருக்கிறார்’ என்று சொன்னவர் ஒரு பெண்ணின் ஆயுளைக் காத்திருப்பில் கழிக்கவைத்திருக்கலாம். ‘இல்லை’ என்று சொன்னவர் உயிரோடிருந்தவனைச் சாகடித்திருக்கலாம். இரண்டையும் சொல்லாமல், ‘வடதிசையிலிருந்து செய்தி வரும், ஆடி கழியட்டும்’ என்று நாளைத் தள்ளியவர் கோழை என்று பழிக்கத் தக்கவரா, அறிந்து அடங்கியவரா என்பது நின்று எண்ணத் தக்க வினா. அவர் தமக்கென வகுத்துக்கொண்ட முறையில் அத்தள்ளிவைப்பும் ஒரு பகுதி.

தீமையை மறைத்தல் கூடாது. ஒரு சீட்டோடு நின்றிருக்க வேண்டியதை, மனைவிக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று, கண்ணேறுக்கு ஒன்று என்று நீட்டித்துச் சீட்டுக்குச் சீட்டு காசு வாங்கியோர் உண்டு. சனீசுவரன் படத்தைக் காட்டி அச்சுறுத்தித் தாயத்துக்கும் கழிப்புக்கும் வழி செய்தோர் உண்டு. பொருந்தி வந்த மணம் ஒன்று, தெருவோரத்தில் எடுத்த ஒரு சீட்டால் நின்றுபோவதினும் கொடியது யாது? இத்தகைய குறைகளைக் கண்டே சீர்திருத்தக்காரர் சினந்தனர். 1929 திசம்பரில் பெரியார் ஈ.வெ.ரா. மலாயாவுக்கு வந்தபோது முதலில் காலடி வைத்தது பினாங்கில்தான். சாதியையும் மூடப்பழக்கத்தையும் சாடிய அவர் பேச்சு மலாயாத் தமிழரிடையே பெரும் எழுச்சியை உண்டாக்கிற்று. 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு அக்கருத்துகளை வீடுதோறும் கொண்டு சென்றது. குறிகேட்கும் காசைப் பள்ளிக்கூடத்துக்குச் செலவிடு என்ற வாதத்துக்கு விடை இல்லை, இன்றும் இல்லை.

ஆயினும் சீர்திருத்தத்தின் வழி ஒன்றேயன்று. பாரதியார் குடுகுடுப்பைக்காரனை விரட்டவில்லை. அவன் குரலையே இரவல் பெற்றார். புதிய கோணங்கி என்னும் பாட்டில், நல்லகாலம் வருகிறது என்று வீடுவீடாகச் சொல்லும் அவ்வாயிலிருந்து சாதிகள் சேர்வதையும் படிப்பின் பெருக்கத்தையும் வரப்போகும் செய்தியாகச் சொல்லவைத்தார். குறிகாரனின் பேச்சுக்கு மக்கள் காது கொடுத்தனர் என்பதை அவர் அறிந்திருந்தார். தமிழாசிரியர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பள்ளிக்குச் செல்லாத ஒரு தோட்டத் தொழிலாளி, யாப்பில் அமைந்த ஒரு பாட்டைத் தனக்கென்றே பாடக் கேட்ட இடங்கள் மிகச் சில. கோயிலும் தெருக்கூத்தும் போக, கிளி சோதிடரின் பாய் அவற்றுள் ஒன்று. பாட்டைச் சொல்லி, சொல்லுக்குச் சொல் பிரித்து, கேட்பவன் வாழ்க்கையோடு பொருத்திக் காட்டிய அவரை உரையாசிரியர் மரபின் கடைசிப் படியில் ஒருவராக நிறுத்தினால், புலவர் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

தொழில் குறைந்ததற்குக் காரணம் பகுத்தறிவு மட்டும் அன்று. ஜார்ஜ் டவுனின் பழைய வீடுகளில் குறைந்த வாடகைக்குக் குடியிருந்தோரைக் காத்துவந்த 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு அக்காப்பு முடிவுற்றது. வீதிகளில் வாழ்ந்த மக்கள் பலர் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். 2008 சூலையில் யுனெஸ்கோ நகரை உலக மரபுச் செல்வமாக அறிவித்தபோது, கட்டடங்கள் காப்பைப் பெற்றன. அவற்றின் முன்னே பாய் விரித்தவர்களுக்கு வாடிக்கையாளர் வெளியேறிவிட்டிருந்தனர். எஞ்சி வந்தவர் பெரும்பாலும் படம்பிடிக்கும் பயணிகள். அவர்களுக்குப் பாட்டின் பொருள் வேண்டா. கிளி நடந்து வருவதே போதும்.

கிளிக்கும் தன் பக்கத்து வழக்கு உண்டு. சிறகு கத்தரிக்கப்பட்டு, நிமிர்ந்து பறக்க இடமற்ற கூண்டில் ஆயுளைக் கழித்த பறவை அது. சங்கப் புலவர் தினைப்புனத்தில் கண்ட, கழுத்தில் சிவந்த வளையம் கொண்ட அப்பைங்கிளியை, இந்தியாவின் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அதனைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றமாகும். 2024 ஏப்பிரலில் கடலூரில், நாடாளுமன்றத் தேர்தல் வேட்பாளர் ஒருவர்க்கு வெற்றிச்சீட்டு எடுத்துக் கொடுத்த கிளியின் செய்தி பரவிய உடனே, வனத்துறையினர் சோதிடரைப் பிடித்துக் கிளிகளைக் கைப்பற்றினர். வேட்பாளர் தோற்றார் என்பது பின்னர் வந்த செய்தி. சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலையில் மணி என்ற கிளி 2010-ஆம் ஆண்டின் உலகக் கோப்பைக் காற்பந்துப் போட்டியில் காலிறுதிகள் நான்கையும் சரியாகக் காட்டி உலகச் செய்தித்தாள்களில் ஏறியது. இறுதியாட்டத்துக்கு அது எடுத்த சீட்டு நெதர்லாந்து, வென்றது இசுபெயின். அதற்குப் பின்னும் அதன் முன்னே கூட்டம் நின்றது என்பதனை நகைப்போடு மட்டும் குறிப்பது முறையன்று. வந்தவர்க்குக் காற்பந்து முடிவு ஒரு பொருட்டாக இருந்திராது.

கிளி இனிக் காட்டுக்கு உரியது. அதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. சீட்டின் பாட்டுகள் மலிவு அச்சுப் புத்தகங்களில் கிடைக்கின்றன. படங்களைத் திரட்டி வைத்திருப்போரும் உளர். ஆயின் பாட்டுக்கும் கேட்பவனுக்கும் நடுவே சோதிடர் சொன்ன உரைதான் எழுத்தில் ஏறவில்லை. பினாங்கிலும் செபராங் பிறையிலும் அதனைக் கேட்டுவந்த மூத்தோர் இன்னும் வீடுகளில் இருக்கின்றனர். வட்டார வரலாறு எழுதப் பணிக்கப்படும் மாணவர், அவர்களிடம் கேட்க வேண்டியவை சிலவே: சோதிடர் முதலில் என்ன கேட்டார்; எத்தனை சீட்டு எடுக்கச் சொன்னார்; பாட்டை இசைத்தாரா, வாசித்தாரா; சுடலைச் சீட்டு வந்தபோது என்ன சொல்லித் தேற்றினார்; அன்று வீடு திரும்பியபின் அவர்கள் செய்தது என்ன.